கப்பல் படத்திலிருந்து இணையதளம் வரை: அடிமை வணிகத்தை எண்ணிக் காட்டியவர்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். இந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். எண் பெரிதாகப் பெரிதாக மனதில் எதுவும் தங்குவதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சாவு என்றால் தெருவே கூடுகிறது. கோடிப் பேர் என்றால் "அப்படியா!" என்று கேட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

சரி, அந்த 1 கோடியே 25 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? யார் எண்ணினார்கள்? எண்ணியதை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டினார்கள்? இதற்குப் பின்னால் 200 வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. ஒரு போஸ்டரில் தொடங்கி, துளையிட்ட அட்டை, சிடி என்று மாறி, கடைசியில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு இணையதளத்தில் வந்து நிற்கும் கதை.

1788: அளவு நாடாவோடு ஒரு கேப்டன்

1787 மே மாதம் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிப்பதற்காக ஒரு குழு தொடங்கப்பட்டது. அதில் தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர் இருந்தார். "அடிமை வணிகம் பாவம்" என்று மேடையில் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. ஆதாரம் தேடிப் பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களுக்குப் போனார். கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களைப் புரட்டி, சுமார் 20,000 மாலுமிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அடிமைக் கப்பலில் வேலைக்குப் போன வெள்ளைக்கார மாலுமிகளே எக்கச்சக்கமாகச் செத்துப்போகிறார்கள் என்று அதிலிருந்து காட்டினார். "இந்த வணிகம்தான் நம் கடற்படைக்கு மாலுமிகளைத் தயார் செய்து தருகிறது" என்று வணிகர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய வாதத்தையே எண்களை வைத்து உடைத்தார் கிளார்க்சன்.

ஆனால் ஊர் முழுக்கப் பேச வைத்தது இந்தப் பட்டியல் இல்லை. ஒரு படம்.

1788இல் அடிமைக் கப்பல்களை அளந்து வர, கடற்படையைச் சேர்ந்த கேப்டன் பாரி என்பவரை லிவர்பூலுக்கு அனுப்பியது அரசு. அவர் அளந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் புரூக்ஸ். அதே ஆண்டு வந்த புதிய சட்டம், கப்பலின் டன் அளவுக்குத் தகுந்தபடிதான் ஆட்களை ஏற்ற வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் புரூக்ஸ் கப்பலில் 454 பேரை ஏற்றலாம்.

பிளிமத் நகரில் இருந்த ஒழிப்புக் குழு கப்பலின் அளவுகளை எடுத்துக்கொண்டு ஒரு வரைபடம் போட்டது. ஒரு ஆணுக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. இந்தக் கணக்குப்படி கப்பலின் தளத்தில் மனித உருவங்களை வரிசையாக அடுக்கி வரைந்தார்கள். 1789இல் லண்டன் குழு இதை விரிவாக்கி, பல கோணங்களில் பெரிய போஸ்டராக அச்சடித்தது. அதில் 482 உருவங்கள். தீப்பெட்டிக்குள் குச்சிகள் மாதிரி மனிதர்கள்! இதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூடப் படுக்க வைக்க முடியாது என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பு இதே கப்பல் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றிப் போனதாக அந்தப் போஸ்டரே சொன்னது.

இதைப் பார்த்த எவருக்கும் பிரசங்கம் தேவைப்படவில்லை. படத்தில் ரத்தம் இல்லை, சாட்டை இல்லை, கண்ணீர் இல்லை. இஞ்சினியர் போடும் பிளான் மாதிரிதான் இருந்தது. அதுதான் அதன் பலம். "மிகைப்படுத்துகிறார்கள்" என்று எதிரிகளால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அளந்தவர் அரசாங்கம் அனுப்பிய ஆள். ஆயிரக்கணக்கில் அச்சாகி வீட்டுச் சுவர்களிலும் விடுதிகளிலும் தொங்கியது. நாடாளுமன்றத்தில் காட்டுவதற்காகக் கப்பலின் மர மாதிரி ஒன்றும் செய்தார்கள்.

படம் வந்ததும் சட்டம் வந்துவிட்டதா என்றால், இல்லை. 1791இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் தோற்றது. அதே ஆண்டு இன்றைய ஹைட்டியில் அடிமைகளே கிளர்ந்தெழுந்து, 1804இல் தனி நாடே அமைத்தார்கள். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807இல். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. ஒரு படத்தால் மட்டும் சரித்திரம் மாறிவிடாது. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கும் வசதியை அந்தப் படம் பிடுங்கிக்கொண்டது.

காப்பி அடிக்கப்பட்ட ஒரு எண்

ஒரு கப்பலை அளந்தாகிவிட்டது. மொத்தக் கப்பல்கள் எத்தனை? மொத்த மனிதர்கள் எத்தனை பேர்?

அடுத்த 150 வருடத்துக்கு மேல் இதை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. "ஒன்றரைக் கோடி" என்ற எண் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. 1969இல் பிலிப் கர்ட்டின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினார். ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் காட்டியது, அது இன்னொன்றைக் காட்டியது. கடைசியில் போய் நின்றது 1861இல் டன்பார் என்பவர் போட்ட ஒரு உத்தேசக் கணக்கில்! பரீட்சை ஹாலில் ஒருவன் தப்பாக எழுதியதைப் பெஞ்சு முழுக்கப் பார்த்து எழுதின மாதிரிதான்.

கர்ட்டின் அச்சில் கிடைத்த புள்ளிவிவரங்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, அமெரிக்கக் கண்டங்களில் உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 95 லட்சம் பேர் என்று எழுதினார். பெரிய சண்டை வெடித்தது. இந்த எண் மிகக் குறைவு என்று நைஜீரிய வரலாற்றாசிரியர் ஜோசப் இனிகோரி 1976இல் எதிர்த்து எழுதினார். இது வெறும் பேராசிரியர்கள் சண்டை இல்லை. எண்ணைக் குறைத்தால் குற்றத்தையே குறைத்துக் காட்டுவதாக ஆகிவிடும். மனம்போல் கூட்டினால், அதையே காரணமாகக் காட்டி "எல்லாமே கட்டுக்கதை" என்று சொல்ல ஆள் இருக்கிறது. அப்படியானால் வழி என்ன? ஒவ்வொரு கப்பலாக, ஒவ்வொரு பயணமாக எண்ணுவதுதான் வழி.

காப்பகத்தில் நடந்த தற்செயல் சந்திப்பு

1960களின் கடைசியிலிருந்தே ஹெர்பர்ட் கிளைன் போன்ற ஆய்வாளர்கள் துறைமுகப் பதிவேடுகளிலிருந்து விவரம் எடுத்துக் கம்ப்யூட்டர் படிக்கும் வடிவத்தில் மாற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் துளையிட்ட அட்டைகள்தான். ஆளாளுக்கு ஒரு நாடு, ஒரு நூற்றாண்டு. 1980களின் முடிவில் சுமார் 11,000 பயணங்களின் விவரம் இருந்தது. ஆனால் அவை 16 தனித்தனித் தொகுப்புகளில் சிதறிக் கிடந்தன. ஒருவர் தொகுப்பு இன்னொருவர் தொகுப்போடு பேசாது!

1990இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரசுக் காப்பகத்தில் டேவிட் எல்டிஸ், ஸ்டீபன் பெரென்ட் என்ற இருவர் தங்கள் தங்கள் ஆராய்ச்சிக்காக வந்தவர்கள், தற்செயலாகச் சந்தித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. டேவிட் ரிச்சர்ட்சனும் கிளைனும் சேர்ந்துகொண்டார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கும். வேலையோ பெண்டு நிமிர்த்தும் வேலை. ஒரே கப்பல் லிவர்பூல் ஏட்டில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் ஜமைக்கா ஏட்டில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். ஒரே பெயரில் பத்துக் கப்பல் இருக்கும். கேப்டன் வழியிலேயே செத்துப்போய் வேறொருவர் பெயர் ஏறியிருக்கும். இரண்டு பதிவும் ஒரே பயணமா, இரண்டு பயணமா? தப்பாகச் சேர்த்தால் சில நூறு மனிதர்கள் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். தப்பாகப் பிரித்தால் அவர்களே இரண்டு முறை எண்ணப்படுவார்கள். ஒவ்வொரு வரியும் இப்படிப் பொருத்திப் பார்க்கப்பட்டது.

1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதை ஒரு சிடியாக வெளியிட்டது. அதில் 27,233 பயணங்கள். ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, போர்த்துக்கீசிய, பிரேசில் கப்பல்களின் விவரம் போதவில்லை. அடிமைகளை மிக அதிகமாகக் கடத்தியதே அவர்கள்தான்! இரண்டாவது, சிடி என்பது முடிந்துபோன பொருள். நாளைக்கு ஒருவர் லிஸ்பன் காப்பகத்தில் புதிய ஏடு ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைச் சிடிக்குள் எப்படி நுழைப்பது? அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சிடி போய் இணையம் வந்தது

2000களின் முதல் பாதியில் போர்த்துக்கீசிய, ஸ்பானிய ஆவணங்களைத் தேடி அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்திலிருந்து 'வாயேஜஸ்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. வாயேஜஸ் என்றால் கடற்பயணங்கள். அதில் கிட்டத்தட்ட 35,000 பயணங்கள் இருந்தன. பிறகு இது 36,000ஐத் தாண்டியது. தளத்தின் பொறுப்பு 2021இல் ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியது.

இந்தத் தளத்தில் என்ன விசேஷம்? நான்கு விஷயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இலவசம். ரியோவில் இருக்கும் பள்ளி மாணவனும் லாகோஸில் இருக்கும் ஆசிரியையும் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ப்பதையே பார்க்கலாம்.

இரண்டாவது, கேள்வி கேட்பவர் கையில் கருவி இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தக் கொடி, எந்தத் துறைமுகம் என்று தேர்ந்தெடுத்தால் பட்டியலாகவும், ஆண்டுவாரிக் கோட்டுப் படமாகவும், வரைபடமாகவும் அதே விவரம் மாறி மாறி வரும். முழுத் தரவையும் இறக்கி வைத்துக்கொண்டு தானே கணக்குப் போட்டும் பார்க்கலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு பயணத்துக்கும் எந்த ஆவணத்திலிருந்து விவரம் வந்தது என்ற குறிப்பு உண்டு. ஏட்டில் இருந்தது எது, ஏட்டில் இல்லாமல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு ஊகித்தது எது என்பதும் தனித்தனியாக இருக்கும். 1861இன் உத்தேசக் கணக்கு நூறு வருடம் உண்மை மாதிரி ஓடியதே, அந்தத் தொல்லைக்கு மருந்து இதுதான்.

நான்காவது, தப்பு இருந்தால் திருத்தம் அனுப்பலாம். புதிய பயணம் கண்டுபிடித்தால் சேர்க்கச் சொல்லலாம். ஆசிரியர் குழு சரிபார்த்து ஏற்றிக்கொள்ளும்.

இதிலிருந்து வந்த மொத்தக் கணக்கு இது. கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம். கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இரண்டுக்கும் இடையில் உள்ள 18 லட்சம் பேர் கடலிலேயே போனார்கள்.

பலரைத் திடுக்கிட வைத்த இன்னொரு விஷயம் உண்டு. அடிமை முறை என்றதும் பருத்திக் காடும் அமெரிக்காவின் தென் மாநிலங்களும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஹாலிவுட் படங்களின் புண்ணியம்! ஆனால் இன்றைய அமெரிக்கா இருக்கும் பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து நேராகக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர், அதாவது மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு. பிரேசிலில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 48 லட்சம்!

அடிமைகள் தலைகுனிந்து போனார்கள் என்ற எண்ணமும் உடைந்தது. எல்டிஸ், பெரென்ட், ரிச்சர்ட்சன் ஆகியோர் 2001இல் எழுதிய கட்டுரையில், ஏறக்குறைய பத்தில் ஒரு கப்பலில் கிளர்ச்சி நடந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். கிளர்ச்சிக்குப் பயந்து கப்பல்காரர்கள் கூடுதல் மாலுமி, கூடுதல் ஆயுதம் என்று செலவு செய்ய வேண்டிவந்தது. செலவு கூடியதால் வணிகம் சுருங்கியது. கப்பலில் போராடித் தோற்றவர்கள், யாரென்றே தெரியாத எத்தனையோ பேரைக் கப்பலேறாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பயணங்களை ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

இரண்டு நிமிடத்தில் 315 ஆண்டுகள்

2015இல் 'ஸ்லேட்' என்ற அமெரிக்க இணைய இதழில் ஆண்ட்ரூ கானும் ஜமேல் பூயியும் இந்தத் தரவை வைத்து ஒரு அசையும் வரைபடம் வெளியிட்டார்கள். 315 ஆண்டுகள், 20,528 பயணங்கள், இரண்டே நிமிடம். ஒவ்வொரு கப்பலும் ஒரு கறுப்புப் புள்ளி. ஆட்கள் அதிகமென்றால் புள்ளி பெரிது.

முதலில் ஒன்றிரண்டு புள்ளிகள் மெதுவாகக் கடலைக் கடக்கும். பிறகு பத்து, இருபது. 1700களில் எறும்புச் சாரை மாதிரி. ஒரு கட்டத்தில் கடலே கறுத்துப்போகும். எங்கேயாவது நிறுத்தி ஒரு புள்ளியை அழுத்தினால் கப்பலின் பெயர், கொடி, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று வரும். பள்ளிக்கூடங்களில் இதைப் போட்டுக் காட்டினார்கள். எல்டிஸ் குழு இருபது வருடம் தோண்டியது, படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

புள்ளிகளா, மனிதர்களா?

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது.

இந்தத் தரவெல்லாம் யார் எழுதி வைத்தது? கப்பல் முதலாளி, கேப்டன், சுங்க அதிகாரி, இன்ஷூரன்ஸ்காரர். அவர்களுக்கு அந்த மனிதர்கள் சரக்கு. 1781இல் சோங் என்ற கப்பலில் 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் வீசிக் கொன்றுவிட்டு, "சரக்கு நஷ்டம்" என்று இன்ஷூரன்ஸ் கேட்டு வழக்கே நடத்தினார்கள். அப்படிப்பட்டவர்களின் கணக்கு நோட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், அவர்களுடைய பார்வையும் சேர்ந்தே ஏறிவிடாதா? மனிதனை எண்ணாக்கியவன் வேலையை நாமும் தொடர்வதாகாதா? ஜெசிக்கா மேரி ஜான்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்தக் கேள்வியை அழுத்தமாகவே எழுப்பியிருக்கிறார்கள். புரூக்ஸ் படத்திலும் இதே குறைதான். 482 உருவங்களும் ஒரே அச்சு. ஒருவருக்கும் முகம் இல்லை, பெயர் இல்லை.

இன்னொன்று. தரவில் இல்லாதது படத்திலும் வராது. 20,528 பயணங்கள் என்றால், போதிய விவரம் கிடைக்காத மற்ற ஆயிரக்கணக்கான பயணங்கள் அந்த இரண்டு நிமிடத்தில் இல்லை. கடற்கரைக்கு நடத்திக் கொண்டுவரும்போதே செத்தவர்களும் இல்லை. இவ்வளவு ஏன், நம் ஊர் சம்பந்தமே அதில் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுத்த பொருட்களில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் தோய்த்த துணி, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் லண்டனுக்கும் பிரான்சுக்கும் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. இந்த வகைத் துணிக்கு 'கினி துணி' என்றே பெயர். தறியில் உட்கார்ந்த நெசவாளிக்கு அது எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அட்லாண்டிக் வரைபடத்தில் அந்தத் தறி தெரியாது.

91,491 பெயர்கள்

இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடையாது. ஆனால் ஒரு தொடக்கம் அதே இணையதளத்திலேயே இருக்கிறது.

1807க்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை அடிமைக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. பிடிபட்ட கப்பல்களில் இருந்தவர்களைச் சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கோ கியூபாவின் ஹவானாவுக்கோ கொண்டுபோனார்கள். அங்கிருந்த நீதிமன்ற எழுத்தர்கள், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுதினார்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, உயரம். சரக்குக் கணக்கு என்று இல்லாமல், "இவர் விடுவிக்கப்பட்டவர், மறுபடி விற்கக்கூடாது" என்பதற்கான பதிவு அது. விடுதலை என்ற பெயரில் அவர்களில் பலரைக் கூலியில்லா வேலைக்கு அனுப்பியதும் நடந்தது என்றாலும், பெயர்கள் ஏட்டில் நின்றுவிட்டன. மொத்தம் 91,491 பெயர்கள்.

சிக்கல் என்னவென்றால், எழுத்தர் தன் காதில் விழுந்ததைத் தன் எழுத்துக்கூட்டலில் எழுதிவைத்தார். நம் ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரன் எழுதின லட்சணம் தெரியும்தானே? தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனது, தரங்கம்பாடி டிராங்குபார் ஆனது. அதே கதைதான் அங்கேயும். எந்த மொழிப் பெயர், எந்த ஊர்ப் பெயர் என்று பேராசிரியர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால் 2011இல் 'ஆப்பிரிக்கன் ஆரிஜின்ஸ்' என்ற தளம் தொடங்கினார்கள். அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்து இணையத்தில் வைத்து, உலகத்தையே கேட்டார்கள்: "இது உங்கள் மொழிப் பெயரா? தெரிந்தால் சொல்லுங்கள்." யோருபா பேசுபவர், இக்போ பேசுபவர், மெண்டே பேசுபவர், யார் வேண்டுமானாலும் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பலாம். பட்டப்படிப்பு தேவையில்லை, தாய்மொழி தெரிந்தால் போதும். பாட்டி வைத்த பெயர் எது என்று பேரனுக்குத் தெரியும், பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது!

இணையத்தின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. 1789இன் போஸ்டர் ஒருவர் காட்ட மற்றவர் பார்ப்பதற்கானது. 1999இன் சிடியும் அப்படித்தான். பெயர்களை வைத்துக் கேட்டபோதுதான், பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் ஆராய்ச்சி பேச விட்டது. அதுவும் யாருடைய முன்னோர்கள் வெறும் எண்ணாக எழுதப்பட்டார்களோ, அவர்களையே.

கலர் கலராக வரைபடம் போடும் கருவிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் ஒரு படம் தயார். ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த எண்ணை முதலில் எழுதியவர் யார்? இந்தப் படத்தில் வராமல் போனவர்கள் யார்? தப்பு இருந்தால் சொல்ல வழி இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் படம் புரூக்ஸ் போஸ்டர் மாதிரி 200 வருடம் நிற்கும். பதில் சொல்லாத எண், டன்பாரின் ஒன்றரைக் கோடி மாதிரி, யாராவது ஒரு கர்ட்டின் வந்து பிடிக்கும்வரை காப்பி அடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.